பிரேக் பிடிக்குது

நீச்சல் குளத்து வாசலில் அந்த மலையேற்ற சைக்கிள் மொட்டை வெயிலில் பூட்டுகூட இல்லாமல் நின்றது. குண்டு டயர், பளபளக்கும் டிஸ்க் பிரேக். தொட்டால் தெரியாத கைக்காரன் என்பதால் 'பஞ்சு' என்று பேர் வாங்கியவன், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

தெருமுனை திரும்புவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. பின் சக்கரம் சுற்றவே மாட்டேன் என்று அடம் பிடித்தது.

போட்டுவிட்டு ஓட மனசு வரவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு நடந்தால் பார்க்கிறவன் சும்மா இருப்பானா? "இன்னொரு தடவை உள்ள போனே, திரும்பி வர்றப்போ நானும் இருக்க மாட்டேன், பாப்பாவும் இருக்க மாட்டா" என்று மனைவி சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை அவள்.

நல்லவேளை, பக்கத்துத் தெருவிலேயே ஒரு சைக்கிள் கடை. வெயிலுக்காகவோ என்னவோ, ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தான்.

உள்ளே இருந்த மீசைக்காரர் தூக்கிவாரிப் போட்டதுபோல் திரும்பினார்.

"அண்ணே, பிரேக் பிடிக்குது."

"பிடிச்சா நல்லதுதானே?"

"பிடிச்சா விட மாட்டேங்குதுண்ணே!"

மீசைக்காரர் சிரித்துவிட்டார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பிரேக் பிடியருகே இருந்த சின்ன டப்பாவைத் தட்டினார்.

"வெயில்ல விட்டியா? உள்ள இருக்கிற ஆயில் சூட்டுல விரியும். இதுல எவனோ தளும்பத் தளும்ப ஊத்தி வச்சிருக்கான். விரிஞ்ச ஆயில் எங்க போகும்? பிரேக் கட்டையைத் தள்ளி டிஸ்க்கைக் கவ்விக்கிச்சு. நிழல்ல கொஞ்சம் நின்னா தானா விட்டுடும். வண்டி உன்னுதுதானா?"

"மச்சானுது" என்றான் பஞ்சு. குரல் கொஞ்சம் பிசிறடித்தது.

மீசைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஓரமாகப் போய் போனில் தணிந்த குரலில் பேசினார்.

"ஆமா, இங்கதான். நல்லா பிடிச்சிருக்கு... இல்லல்ல, எங்கயும் போகாது. நீ வண்டியை எடுத்துக்கிட்டு சீக்கிரம் வா."

போலீஸுக்குத்தான் பேசுகிறார் என்று பஞ்சு முடிவே கட்டிவிட்டான். பிடிச்சாச்சாம், வண்டி வருதாம்! ஓடலாம் என்றால் ஷட்டர் பக்கம்தான் மீசை நின்றது. பாப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்து போனது.

வாசலில் வண்டி வந்து நின்றது. பஞ்சு கண்களை மூடிக்கொண்டான்.

"கடையை மாத்துறோம் தம்பி. கொஞ்சம் ஒரு கை பிடியேன்!" என்றார் மீசைக்காரர்.

கண்ணைத் திறந்தால் ஜீப் இல்லை, வேன்! போலீஸ் இல்லை, லுங்கி கட்டிய டிரைவர்! போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில், இருந்த சைக்கிளையெல்லாம் பஞ்சுவே தனியாளாகத் தூக்கி வேனில் ஏற்றினான். மீசைக்காரர் அசந்துபோய் முதுகில் தட்டிக் கொடுத்தார். வேன் கிளம்பியது.

"உன் பிரேக்கும் விட்டுடுச்சு பாரு. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் கடையைப் பார்த்துக்க" என்று மீசைக்காரர் ஏறி மிதித்தார்.

பஞ்சுவை நம்பி ஒருவர் கடையை ஒப்படைத்துவிட்டுப் போவது இதுதான் முதல் தடவை. மனைவியிடம் சொன்னால் நம்பவே மாட்டாள். ஸ்டூலை நடுவில் இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு, பொறுப்பாக உட்கார்ந்தான்.

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சாவிக்கொத்தோடு கடை திறக்க வந்த முதலாளி, உடைந்து கிடந்த பூட்டையும் துடைத்துவைத்தாற்போல் இருந்த கடையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஞ்சுவின் சட்டைக் காலரைக் கெட்டியாகப் பிடித்தார்.