ஒற்றை நட்சத்திரம்

காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தபடி அவர் அந்தப் புத்தகத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். அரை நட்சத்திரம் போட வழியிருந்தால் அதைத்தான் போட்டிருப்பார். பெயர் கேட்ட கட்டத்தில் 'நடுநிலையாளன்' என்று அடித்தார்.

பக்கத்து இருக்கையில் மனைவி தன் போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே புத்தகக் கடை. ஒரு நகைச்சுவை நடிகரின் சுயசரிதையைப் பற்றி வாசகர்கள் கருத்துச் சொல்லும் கூட்டம் இன்னும் கால் மணி நேரத்தில் அங்கே ஆரம்பமாகவிருந்தது.

கட்டாயம் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி அலங்காரம் வேறு. அரை மணி நேரம் முன்னாலேயே வந்து காரில் உட்கார்ந்தாயிற்று.

"என்னங்க, இதைக் கேளுங்க. ஆபரேஷன் ஆன அம்மா ஒருத்தங்க எழுதியிருக்காங்க. 'சிரிச்சா தையல் பிரிஞ்சிடும், புத்தகத்தை மூடி வைங்கன்னு நர்ஸ் திட்டினாங்க. அப்புறம் அவங்களே புத்தகத்தை வாங்கிட்டுப் போனாங்க, நான் வீட்டுக்கு வந்து ஒரு வாரமாச்சு, இன்னும் திருப்பித் தரலை.'"

"வேலை இல்லாதவங்க எழுதறாங்க, வேலை இல்லாதவங்க படிக்கறாங்க," என்றார் அவர்.

"இந்தப் பொண்ணைப் பாருங்க. 'பதினோரு வருஷத்துல மாமியாரும் நானும் ஒண்ணா சிரிச்சது இந்தப் புத்தகத்துக்குத்தான்.' அடி பாவமே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள்.

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில், அவர் சொன்ன எந்த ஜோக்குக்கும் அவள் இப்படி விழுந்து விழுந்து சிரித்ததில்லை. லேசாக உதட்டைச் சுழித்துவிட்டு, "கேஸை அணைச்சீங்களா?" என்று கேட்பாள்.

"இதைக் கேளுங்க. 'மேடையில ஆளைப் பார்த்திருக்கேன், சுமார்தான். புத்தகத்துல பின்னியெடுத்துட்டார்.' இவர் போட்டிருக்கறது அஞ்சு நட்சத்திரம்!" 'சுமார்தான்' என்றதைக் கேட்டு அவர் முகம் இன்னும் கறுத்தது. அவள் அதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்துத் தன்னையே ஏமாற்றிக்கொள்ள அவரால் முடியவில்லை. புத்தகம் வெளிவந்து ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை. சலூனில் முடி வெட்டிக்கொள்ளப் போனால், கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் பற்றியே பேசுகிறார்கள்.

கட்டைவிரலால் விறுவிறுவென்று அடித்தார். 'சுத்த அறுவை. சிரிப்பு வரும் என்று கடைசிப் பக்கம் வரை காத்திருந்தேன், கொட்டாவிதான் வந்தது. நாற்பதாம் பக்கத்தில் மாமாவுக்கு உடைந்தது இடது கால், எழுபதாம் பக்கத்தில் கட்டுப் போட்டிருப்பது வலது கால். எழுதிய ஆளுக்கு இடமும் தெரியவில்லை, வலமும் தெரியவில்லை.'

அனுப்பிவிட்டு இருக்கையில் சாய்ந்துகொண்டார். ஒரு மாதத்தில் முதல் தடவையாக மனசு குளுகுளுவென்றிருந்தது.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மனைவியின் சிரிப்பு சட்டென்று நின்றது. போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

"இந்த நடுநிலையாளன்... நீங்கதானே?"

"நானா? எனக்கென்ன தலையெழுத்து?"

"மாமா கால் மாறிப்போனது இத்தனை பேர் படிச்சும் ஒருத்தர் கண்ணுலயும் படலை. இன்னிக்குக் காலைல நீங்க பல் தேய்ச்சிட்டிருக்கும்போது உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வசமாக மாட்டிக்கொண்டாயிற்று, இனிமேல் மழுப்பி என்ன ஆகப்போகிறது?

"ஆமா, நான்தான்! வயித்தெரிச்சல்தான்! போதுமா? எழுந்தா அந்தப் புத்தகம், உட்கார்ந்தா அந்தப் புத்தகம். நான்னு ஒருத்தன் உயிரோட இருக்கறது யார் கண்ணுக்காவது தெரியுதா? உன் கண்ணுக்காவது தெரியுதா?"

"அதுக்காக ஒத்தை நட்சத்திரமா? ரெண்டாவது போட்டிருக்கலாம்ல? கீழே பாருங்க, அதுக்குள்ள ஏழு பேர் உங்களைப் பிடிபிடின்னு பிடிச்சிட்டாங்க."

கடைக்காரர் வாசலுக்கு வந்து காரைப் பார்த்துக் கையை ஆட்டினார். உள்ளே நாற்காலி போதாமல் சுவரோரம் நிறையப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் அதே புத்தகம்.

"கூப்பிடறார், வாங்க," என்று மனைவி கதவைத் திறந்தாள்.

"வரேன், நல்லாவே வரேன். மைக்கைப் பிடிச்சு, இந்தப் புத்தகத்தோட வண்டவாளத்தை இவங்க அத்தனை பேர் முன்னாடியும் போட்டு உடைக்கறேனா இல்லையா பாரு! அப்புறம் யார் இதைத் தலையில தூக்கி வச்சு ஆடறாங்கன்னு பார்க்கறேன்."

அவள் கோபப்படவில்லை. திறந்த கதவை மறுபடி சாத்திவிட்டு, மடங்கிக் கிடந்த அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"தாராளமா உடைங்க," என்றாள். "உங்க சுயசரிதையை எழுதினது உங்க பொண்டாட்டிதான்னு!"