மனமொத்த மாறுதல்

"பின்னாடி என்னம்மா டொக் டொக்னு சத்தம்?" என்று போனில் கேட்டாள் தையலக்கா.

"மரங்கொத்திக்கா. காலையில ஆரம்பிச்சா பொழுது சாயற வரைக்கும் ஓயாது" என்றாள் மறுமுனையில் இருந்த வடக்குக்காரி.

தையலக்காவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவள் குடியிருக்கும் இந்த மூன்றாம் மாடியில் காக்கா உட்காரவே யோசிக்கும். அங்கே வாசலிலேயே மரங்கொத்தியாம் என்று கணவரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அதற்கும் சேர்த்து வாடகை கேட்காமல் இருந்தால் சரி என்றார் அவர்.

அவர் மத்திய அரசாங்க சர்வேயர். ஊர் நிலத்தையெல்லாம் அளப்பவருக்குத் தன் சம்பளத்தை மாசக் கடைசி வரை நீட்டத் தெரியவில்லை. பாதி வாடகைக்கு, மீதியில் பாதி தண்ணீர் லாரிக்கு. போன வருஷம் அந்தத் தண்ணீர்ப் பாக்கிக்காக அவளுடைய தையல் மிஷினையே விற்றார்கள். மிஷின் போயும் 'தையலக்கா' என்ற பேர் மட்டும் போகவில்லை. யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவள் கண் மிஷின் இருந்த மூலைக்குப் போகும்.

இந்த நேரத்தில்தான் வடக்கு மாநிலத்துக் கிராமம் ஒன்றில் வேலை பார்க்கும் இன்னொரு தமிழ்க்கார சர்வேயர் இந்த ஊருக்கு வரத் துடிப்பதாகத் தெரிந்தது. இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். மனமொத்த மாறுதல் என்று இதற்கு ஆபீஸில் அழகான பேர். வீட்டையும் அப்படியே மாற்றிக்கொண்டால் ஒரே லாரியில் காரியம் முடியும். கட்டுப்படியாகுமா என்று பார்க்கிற வேலை மட்டும், வழக்கம்போல, இரண்டு வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்தது.

அங்கே வாடகை இங்கே கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். பக்கத்து வீட்டில் பால், கொல்லையில் காய்கறி. குளிருக்கு என்ன செலவாகும் என்று கேட்டதற்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர் போதும் என்றாள் வடக்குக்காரி. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஒரே வருஷத்தில் மிஷின் வாங்கிவிடலாம்.

"அங்க தண்ணிக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையேக்கா?" என்று வடக்குக்காரி கேட்ட அதே நேரத்தில், கீழே தண்ணீர் லாரி நீளமாக ஹாரன் அடித்தது.

"ஸ்கூல் பஸ்மா அது" என்று முந்திக்கொண்டாள் தையலக்கா. "தண்ணிக்கென்ன, குழாயைத் திறந்தா கொட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். முகம் தெரியாத அந்தப் பெண் இரண்டு கையிலும் குடத்தோடு மூச்சு வாங்க மாடி ஏறுவது கண்ணுக்குள்ளேயே நின்றது. போனை எடுப்பாள், வைப்பாள், ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடப்பாள்.

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்றாங்க. நீ ஒரு பொய்க்கு இந்தப் பாடு படறே" என்றார் சர்வேயர்.

"கல்யாணத்துல ஏமாந்தா திட்டறதுக்குப் புருஷனாவது இருக்கான். அவ யாரைப் போய்த் திட்டுவா?"

அவர் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

கையெழுத்துப் போடவேண்டிய நாளன்று, உண்மையைச் சொல்லிவிடுவது என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு போன் செய்தாள். இவள் வாயைத் திறப்பதற்குள், "அக்கா, உங்களை நம்பித்தான் கிளம்பறோம்" என்றது அந்தக் குரல். பத்திரமா வாங்கம்மா என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள் தையலக்கா. சர்வேயர் கையெழுத்துப் போட்டார்.

லாரி காலையிலேயே வந்து வடக்குக்காரியின் சாமான்களை இறக்கியது. அவர்கள் சாயங்கால ரயிலில் வருகிறார்கள். தையலக்காவின் கண்ணெல்லாம் சமையலறையில் வரிசையாக நின்ற நீல டிரம்கள் மீதே இருந்தது. மாடிவரை தண்ணீர் வருகிற வீட்டில் யார் இத்தனை டிரம் வைத்திருப்பார்கள்? அந்தப் பெண் பார்த்தால் கதை கந்தலாகிவிடும். டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இதை மொதல்ல ஏத்திடுங்க தம்பி. புதுசா வர்றவங்க கண்ணுல படக் கூடாது. வழியில எங்கயாவது போட்டுட்டாலும் சரி."

டிரைவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தார். லாரிக்குப் போய், சீட்டுக்கு அடியிலிருந்து சாக்கில் சுற்றிய நீளமான பொருள் ஒன்றை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

"அங்க அந்தம்மாவும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் இதைக் கொடுத்தாங்க. வீசறதுக்கு எனக்கு மனசு வரலம்மா. நீங்கதானே அங்க போறீங்க, உங்களுக்கு வேணும். ஒரு நாள் தங்கினதுக்கே எனக்குப் பல்லு தந்தி அடிச்சுது. பகல் பூரா விறகு பொளந்தாத்தான் அங்க ராத்திரி கண்ணை மூட முடியும். சம்பளத்துல பாதி விறகு வண்டிக்காரனுக்கே போயிடுமாம்."

தையலக்கா சாக்கை விலக்கினாள். கோடாலி. பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது. மிஷின் கணக்கில் அவள் விறகு என்று எதையுமே சேர்த்திருக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தலையணை மூட்டையோடு இறங்கி வந்த சர்வேயர், கையில் என்ன என்று கேட்டார்.

"மரங்கொத்தி."