எந்தக் குழு என்று சொல்லாதீர்கள்

என் குரலில் கனிவு கிடையாது என்பதற்காகவே எனக்குக் கிடைத்த வேலை இது.

நேர்காணலில் பேராசிரியர் டன்லப் ஒரு தாளை நீட்டி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “அடடா, ஒரு உணர்ச்சியும் தெரியலையே மார்னி, இதைத்தான் தேடிட்டிருந்தேன்” என்றார். பாராட்டாம். வாங்கி வைத்துக்கொண்டேன்.

வருடக்கணக்கில் மனச்சோர்வோடு வாழ்கிறவர்கள் தாங்களே அதைச் சமாளிப்பதற்கு அவர் ஒரு பயிற்சிப் புத்தகம் எழுதியிருந்தார். அது உண்மையில் உதவுகிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. பாதிப் பேருக்குப் புத்தகம் தபாலில் போனது. மீதிப் பேருக்கு ஒன்றும் கிடையாது.

மாதம் ஒருமுறை எல்லோரையும் நான் தொலைபேசியில் கூப்பிட்டு, அதே கேள்விகளை அதே வார்த்தைகளில் கேட்க வேண்டும். யாருக்குப் புத்தகம் போனது என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் என் காது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமாம்.

அதனால் ஒவ்வொரு அழைப்பையும், “நீங்கள் எந்தக் குழு என்று என்னிடம் சொல்லாதீர்கள்” என்றுதான் தொடங்குவேன். வாய் தவறிச் சொல்லிவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து அந்த ஆளை வேறொருவர் கூப்பிடுவார்.

ஆறுதல் சொல்லக் கூடாது. ‘ஐயோ பாவம்’ அறவே கூடாது. கேட்க வேண்டும், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

எய்னோ லாத்தெலாவிடம் காத்திருப்பது தனி வேலை. தண்டர் பே என்ற ஊர்ப் பக்கம், காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நான் காபியே குடித்து முடித்துவிடலாம்.

முதல் மாதம் எதைக் கேட்டாலும் “தினமும்” என்றார். தூக்கம் வராமல் இருந்ததா? தினமும். பசிக்காமல்? தினமும். இருந்து என்ன பயன் என்ற நினைப்பு? அதுவும் தினமும். அன்று விதிப்படி ஆய்வின் மருத்துவரிடம் அழைப்பைக் கொடுத்துவிட்டு, கழிப்பறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

கோடை வந்தபோது “தினமும்” என்பது “பாதி நாள்” ஆனது. பிறகு “எப்பவாவது”. இந்த மாதம் உங்களுக்காக நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் எப்போதும் ஒரே பதில்.

“அதைச் சொன்னா குட்டு வெளிப்பட்டுடும்மா. நீதான சொல்லக் கூடாதுன்ன?”

குட்டு என்ன பெரிய குட்டு. புத்தகம்தான், வேறென்ன. அலமாரியில் மிஞ்சிக் கிடந்த பிரதிகளில் ஒன்றை நானும் வீட்டுக்கு எடுத்துப்போனேன். சும்மா பார்க்கத்தான். எய்னோவே தேறுகிறார் என்றால் யாரும் தேறலாம் என்று தோன்றியது.

இன்று அவருக்குக் கடைசி அழைப்பு. வெளியே ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. கேள்விகள் முடிந்தன. அவர் எந்தக் குழுவாக இருப்பார் என்ற என் ஊகத்தை, அவர் சொல்வதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். ‘புத்தகம்’ என்று அழுத்தி எழுதினேன்.

“இப்போது நீங்கள் சொல்லலாம், மிஸ்டர் லாத்தெலா.”

வழக்கம்போல் காத்திருந்தேன்.

“எனக்குப் புத்தகம் எதுவும் வரலம்மா.”

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தக் கிழவர் வருடம் முழுக்க என்னை நம்பவைத்து ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். “அப்போ என்னதான் செஞ்சீங்க?” என்றேன். தாளில் இல்லாத கேள்வி.

“நீ கூப்பிடுற நாள்ல வீட்டைப் பெருக்கி வெப்பேன். சவரம் பண்ணிக்குவேன், போன்ல யாரு பாக்கப்போறா. பசிச்சுதான்னு கேப்பியே, உங்கிட்டப் பொய் சொல்லப் பிடிக்காம முந்தின நாளே சமைச்சுச் சாப்பிட ஆரம்பிச்சேன். அப்புறம் அப்படியே பழகிருச்சு. எம்பொண்ணு, பாதிரியாரு, எல்லாரும் தேனா பேசுவாங்க. கேள்வியும் அவங்களே, பதிலும் அவங்களே. நீ ஒருத்திதான் கேட்டுட்டுக் காத்திருந்த. இதைச் சொல்லியிருந்தா ஆளை மாத்தியிருப்பாங்கல்ல?”

அடுத்து நான் வாசிக்க வேண்டிய வரி ஒன்றே ஒன்று. ‘இந்த ஆய்வில் உங்கள் பங்கேற்பு இத்துடன் முடிகிறது, நன்றி.’ ‘முடிகிறது’ வரைக்கும் போனேன். அதற்கு மேல் வரவில்லை.

வீட்டில் அந்தப் புத்தகம் மூன்றாம் பாடத்தோடு கவிழ்ந்து கிடக்கிறது. பேராசிரியருக்குப் பிடித்துப்போன இந்தக் குரலும் என் பிறவிக் குரல் இல்லை. ஏதோ ஒரு குளிர்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது, பிறகு போகவே இல்லை.

அவர் தொண்டையைச் செருமினார்.

“மார்னி, போன ரெண்டு வாரத்துல எத்தனை நாள் உனக்கு எதுலயும் மனசு ஒட்டாம இருந்துச்சு?”

என் முதல் கேள்வி. வருடம் முழுக்க என் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். கனிவு ஒரு துளி சேர்க்காமல், நான் கேட்கிற மாதிரியே கேட்டார்.

பிறகு காத்திருந்தார். நான் ஃபோனை வைத்துவிட்டிருக்கலாம். வைக்கவில்லை. காபி ஆறிப்போனது. அந்தப் பக்கம் அவர் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.

“தினமும்” என்றேன்.