முதல் பெண் விமானி

"எந்தத் தடைக்கும் அஞ்சாம வானத்தைத் தொட்டாங்களே, நம்ம ஊரோட முதல் பெண் விமானி, அவங்க வாழ்க்கைதான் உங்களுக்கு வெற்றிப் பாடம்!" என்று கல்லூரி மேடையில் முழங்கினார் பேச்சாளர். அந்த ஒரே கதையைச் சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியவர். கைதட்டல் காதைப் பிளந்தது.

ஒரு மாணவி எழுந்தாள். "சார், அவங்க ரெண்டே வருஷத்துல பறக்கிறதை விட்டுட்டாங்களே, ஏன்?"

"அது... குடும்பச் சூழ்நிலைம்மா."

"அவங்களையே கேட்டீங்களா சார்?"

முன்வரிசையில் அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவியைக் கண்ணாலேயே அதட்டினார் பேச்சாளர். அவளோ எழுந்துவிட்டாள்.

"என்னையே கேளும்மா, நான்தான் அந்த விமானி," என்றாள். "கல்யாணமானதும் இவர்தான், 'நீ ஆகாயத்துல சுத்தினா அடுப்பை யாரு பார்ப்பா?'ன்னு கேட்டு நிறுத்தினார்."