பத்து நாள் ஒத்திகை

காலை பத்தேகாலுக்கு, தினமும் வண்டிச் சோதனை நடக்கும் அந்த மேம்பாலத்தின் கீழே இருந்தவர்கள்: ஜீப்பில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் அம்மாள், ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கியிருந்த ஏட்டு, ஏட்டின் கழுத்தில் தொங்கிய, குடித்தவனைக் காட்டிக்கொடுக்கும் ஊதும் கருவி, பழைய கார் ஒன்றில் வந்து மாட்டிய ஆந்தை.

ஆந்தை என்பது வேலை செய்யும் இடத்தில் அவனுக்கு வைத்த பெயர். செல்போன் கிடங்கில் பதினோரு வருடமாக இரவுக் காவல். பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து, அது பூட்டித்தான் இருக்கிறதா என்று மணிக்கொரு தரம் இழுத்துப் பார்த்ததுதான் வாழ்க்கையில் அவன் செய்த ஒரே சாதனை. அவனே அதைச் சொல்லிச் சிரிப்பான்.

ஆனால் இன்றைய சோதனையில் கோட்டை விடக்கூடாது. விட்டால் வேலையும் மானமும் ஒரே நாளில் போய்விடும். பத்து நாளாக வீட்டு வராந்தாவின் டைல்ஸ் கோட்டில் நடந்து பழகியிருந்தான். என்ன இது என்று மனைவி கேட்டதற்கு, முட்டிக்கு நல்லது என்று சொல்லிவைத்தான்.

பாலத்துக்கு முந்தைய வளைவில் காரை நிறுத்தி, வாய் கொப்பளிக்கும் நீல மருந்தில் அரை பாட்டிலைக் கொப்பளித்துத் துப்பினான். உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தான். திருப்தியாக இருந்தது.

ஏட்டு ஊதச் சொன்னார். கருவி சிவப்பாக எரிந்து கத்தியது.

"காலங்காத்தாலயேவா?" என்றார் ஏட்டு. "பையில இருக்கறதெல்லாம் எடுத்து பானட் மேல வை."

போன், கைக்குட்டை, பித்தளை வில்லை கோத்த ஒரு சாவி.

"அது கிடங்குச் சாவி சார். இன்னிக்கு அங்க லீவு, அதான் என்கிட்ட இருக்கு. நேரம் போட்டு எழுதிக்கங்க. தொலைஞ்சா என் தலைதான் உருளும்."

"இந்த நிலைமையிலயும் பொறுப்பு இருக்கு பாரு." ஏட்டு எழுதிக்கொண்டார். "கால் மணி கழிச்சு மறுபடி ஊதணும். அதுவரைக்கும் இந்த வெள்ளைக் கோட்டுல நட. குதிகாலும் விரலும் ஒட்டணும். இப்படி."

அவரே நடந்து காட்டினார். மூன்றாவது அடியில் முட்டி மடங்கி ஜீப்பைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல உங்களை உள்ள போடணும்," என்றார் இன்ஸ்பெக்டர், தலை நிமிராமல். "இந்தக் கோட்டை நம்பி ஒரு கேஸும் போட முடியாது. போன வாரம் முழு பாட்டில் அடிச்சவன் சர்க்கஸ்காரன் மாதிரி நடந்தான். காதுவலி வந்த வாத்தியார் ரெண்டு தரம் விழுந்தார்."

ஆந்தை நடந்தான். நாலு அடி கோட்டின்மேல் விழுந்தது. ஐந்தாவது இடப்பக்கம். ஆறாவது வலப்பக்கம்.

"ஏம்ப்பா, கோடு இங்க இருக்கு."

"நேரா நடக்கத் தெரிஞ்சிருந்தா நான் இப்படியா சார் இருப்பேன்?"

"சரி, ஒத்தைக் கால்ல நில்லு."

பள்ளி நாடகத்தில் ஆந்தைக்குக் கிடைத்த ஒரே வேடம் மரம். வசனம் கிடையாது, அசையவும் கூடாது. அந்தப் பழக்கமோ என்னவோ, நட்ட கம்பம்போல நின்றுவிட்டான். ஏட்டு முப்பது எண்ணி முடித்த பிறகுதான் திடுக்கிட்டவன்போல ஆடினான்.

ஏட்டு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கருவியை மறுபடி நீட்டினார். இந்தத் தடவை பச்சை. பூஜ்யம்.

"கொப்பளிக்கற மருந்துல இருக்கற சாராயம் வாயோட சரி, கால் மணியில போயிடும். ரத்தத்துல இருந்தாத்தான் நிக்கும். நீ குடிக்கலை, கிளம்பு."

ஆந்தையின் முகம் செத்துவிட்டது.

"மிஷின்ல கோளாறு இருக்கும் சார். இன்னொரு தரம் நடக்கறேன், பாருங்க."

"அதான் பார்த்தேனே. குடிச்சவன் நேரா நடக்கப் படாத பாடு படுவான். நீ கோணலா நடக்கப் பாடு படறே. ராத்திரி பூரா தூங்கலை போல. வீட்டுக்குப் போய்ப் படு."

"கெஞ்சிக் கேக்கறேன் சார். மத்தியானம் வரைக்குமாவது உள்ள வைங்க."

பானட்டின்மேல் போன் அடித்தது. திரையில் 'மச்சான்' என்றிருந்தது. இவனைக் கூட்டிப்போக ஓர் ஆள் கிடைத்தது என்று நினைத்த ஏட்டு, ஆந்தை பாய்வதற்குள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, உள்ள போயாச்சா?" என்றது மனைவியின் தம்பி குரல்.

"ம்?" என்றார் ஏட்டு.

"அப்ப நான் கள்ளச் சாவியைப் போட்டு கிடங்கைத் தொறக்கறேன். ஒரு மணி வரைக்கும் வெளிய வந்துடாதீங்க. உங்க சாவியும் போலீஸ்கிட்ட, நீங்களும் போலீஸ்கிட்ட. அப்புறம் உங்க மேல எவன் சந்தேகப்படுவான்?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் குறுக்கெழுத்தை மடித்து வைத்துவிட்டு, பித்தளை வில்லையில் பொறித்திருந்த கிடங்கு முகவரியை ஒயர்லெஸ்ஸில் நிதானமாக வாசித்தார்.

பத்து ஐம்பத்தைந்துக்கு ஸ்டேஷன் டைரியில் ஏட்டு மறக்காமல் நேரம் போட்டார். பக்கத்தில், 'போதை: இல்லை' என்று எழுதினார். பிறகு, பத்து நாள் ஒத்திகை பார்த்து ஆந்தை போகத் துடித்த அதே லாக்கப் அறைக்குள் அவனை விட்டு, கதவைச் சாத்தினார்.

ஆந்தை பழக்க தோஷத்தில் கதவை ஒரு தரம் இழுத்துப் பார்த்தான், பூட்டித்தான் இருந்தது.