மாடிக் கொடியில் ஒரு துண்டு

சிறையில் மாலை ஆறு மணிக்கு லாக்கப். விடுதலையான பெண்கள் தங்கும் இந்த வீட்டுக்கு வந்த பிறகும், ஆறு அடித்ததும் பவுனுத்தாய் தானாகவே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா ஒரு வாரமாக எதுவும் கேட்கவில்லை. அன்று ஆறு தாண்டியதும் கதவைத் தட்டினாள்.

“அக்கா, மாடியில துணி கெடக்கு. எனக்கு அடுப்புல வேலை. கொஞ்சம் எடுத்துட்டு வந்துர்றீங்களா?”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். கொடி வெறுமையாக இருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு துண்டு, அதுவும் மொடமொடவென்று காய்ந்துபோய். அதை உருவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள். வானம் மெல்லக் கறுத்தது. பதினோரு வருடமாகக் கம்பி வழியாகவே பார்த்த இருட்டு, இப்போது தலைக்கு மேல் முழுசாக இறங்கியது. யாரும் விசில் ஊதவில்லை. யாரும் விரட்டவில்லை. ஒவ்வொன்றாக நட்சத்திரம் வந்தது.

அவள் கீழே வந்தபோது சோறு ஆறியிருந்தது.

“நெறையத் துணியோ?” என்றாள் ஸ்டெல்லா, தட்டை வைத்தபடி.

பவுனுத்தாய் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டாள். “ஆமாம்மா, நெறைய.”

மறுநாள் மத்தியானம் பவுனுத்தாய் அதே துண்டைக் குழாயடியில் நனைத்துப் பிழிந்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டாள்.