பள்ளிக்கூடத்து எட்டு மணி

"அந்த மாசேருக்குக் கடிகாரம் பாக்கவே தெரியல," என்றார் மாமா.

மாமா என்றால் என் மாமனார் சுப்பராயலு. மாசேர் என்றால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை நடத்தும் கன்னியாஸ்திரீ. பிரெஞ்சுக்காரன் போய் இரண்டு வருஷமாகியும் பாகூர்ப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

காலையில் எட்டுக்குப் பள்ளிக்கூடத்து மணி அடிக்கும். அது பிள்ளைகளுக்கு மட்டுமில்லை. மாமாவின் நடவுப் பெண்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சேற்றில் இறங்குவார்கள்.

போன வாரம் என் வீட்டுக்காரர் பாண்டியிலிருந்து மாமாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தார். அதிலிருந்துதான் ஆரம்பம்.

"தெனம் பத்து நிமிசம் லேட்டு. பிரெஞ்சுக்காரன் போவும்போது நேரத்தையும் எடுத்துக்கினு பூட்டானா? நடவு ஆளுங்க வரப்புல குந்திக்கினு வெத்தலை போடுதுங்க. கேட்டா, இன்னும் மணி அடிக்கலியேங்குதுங்க. இன்னிக்குப் போயி ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வந்துடறேன்."

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் என் மகள் தனக்கொடியின் படிப்பு இருந்தது.

எட்டு வயசுப் பிள்ளை. காலையில் தூக்குவாளியில் கூழ் எடுத்துக்கொண்டு கரும்பு வயலுக்குப் போவாள். தாத்தா குடித்து முடிக்கும்வரை நிற்பாள். அப்புறம் அங்கிருந்தே வாய்க்கால் கரையோடு பள்ளிக்கு ஓடுவாள். பேத்தி கையால் குடித்தால்தான் அவருக்குக் கூழ் இறங்கும். மருமகள் வரப்பில் நடந்தால் கௌரவக் குறைச்சல்.

மணி அடித்ததும் மாசேர் கேட்டைச் சாத்திவிடுவார். அப்புறம் யார் வந்தாலும் வீட்டுக்குத்தான். அது பள்ளிச் சட்டம்.

மாமாவுக்கும் ஒரு சட்டம் உண்டு. சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்.

"பொட்டப்புள்ளய ஒரு நாளு திருப்பி அனுப்பினாங்கன்னா, அதோட நின்னுக்க வேண்டியதுதான்."

தினமும் கைக்குழந்தையோடு தோட்டத்தில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். மணி கேட்டதும் தெருவைப் பார்ப்பேன். பிள்ளை திரும்பி வரமாட்டாள். அப்பாடா என்றிருக்கும். பள்ளிக்கூடத்துப் பழைய கடிகாரம் மெதுவாக ஓடுவது கடவுள் புண்ணியம் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது அதையும் இவர் சரி பண்ணப் போகிறார்.

"நீயும் வா," என்றார் மாமா. "அவங்க கான்வென்ட்டுல படிச்சவதானே நீ. அவங்க இன்னா பேசினாலும் உனக்குப் புரியும்."

"தமிழ்தான் பேசுவாங்க மாமா."

"கோவம் வந்தா?"

சாயங்காலம் போனோம். மாசேர் வராந்தாவில் சிலேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளை முக்காட்டுக்குள் சிரிப்பே இல்லாத முகம். அதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பாடம் மறந்துபோன மாதிரிதான் இருக்கும்.

மாமா கையை நீட்டினார்.

"இது புதுக் கடிகாரம். இதுல எட்டு பத்துக்கு நீங்க எட்டு அடிக்கிறீங்க. தெனமும்."

மாசேர் வெடிப்பார் என்று எதிர்பார்த்தேன். வெடிக்கவில்லை.

"தப்பு என்மேலதான் ஐயா. எனக்கும் வயசாயிடுச்சி, கடிகாரத்துக்கும் வயசாயிடுச்சி."

"வயசானா? நாளைக்கும் இப்பிடித்தானா?"

"நாளைலருந்து சரியா எட்டுக்கு அடிச்சிடறேன்."

இடுப்பில் இருந்த குழந்தையை என்னையறியாமல் இறுக்கிவிட்டேன். அது அழுதது. நாளைக்குத் தனக்கொடி திரும்பி வருவாள். அவ்வளவுதான்.

"ஆனா ஒரு ஒத்தாசை பண்ணணும்," என்றார் மாசேர். "என் கடிகாரத்தை நம்ப முடியாது. சரியான நேரம் உங்க கையிலதான் இருக்கு. அதுல ஏழரை ஆனதும் பேத்திய வீட்டுலருந்து கெளப்பி விடுங்க. அவ வந்து நின்னா ஏழே முக்கால்னு நான் முள்ளைத் திருப்பி வச்சிக்கிறேன்."

மாமா மீசையைத் தடவிக்கொண்டார். ஊர் நேரமே தன் கையில் என்றால் யாருக்குத்தான் கசக்கும்.

"விடலாம். ஆனா எனக்குக் கூழு எடுத்தாரதே அவதான்." கொஞ்சம் யோசித்தார். "கூழு இன்னா பெரிய கூழு. வூட்டுலயே குடிச்சிட்டுக் கெளம்பிட்டாப் போச்சு."

பிள்ளையைச் சேர்த்த நாலு மாசமாக நான் கேட்கப் பயந்துகொண்டிருந்தது, இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

"இப்பவே ஒருதரம் சரி பண்ணிடறேன், குடுங்க," என்று கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டார் மாசேர். "தெய்வநாயகி, நீ வந்து நாற்காலியப் புடிச்சிக்க."

மாமா வராந்தாவிலேயே நின்றுகொண்டார். நானும் மாசேரும் உள்ளே போனோம். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தேகால்.

மாசேர் கையில் இருந்த மாமாவின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். அதிலும் ஐந்தேகால். ஒரு நிமிஷம்கூட முன்னே பின்னே இல்லை.

மாசேர் நாற்காலியில் ஏறவே இல்லை.

"கடிகாரம் சரியில்லன்னு பொய் சொல்லிட்டேன்," என்றார் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கணும்."

மணிக்கயிறு ஜன்னல் ஓரமாகத் தொங்கியது. ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் கரை எங்கள் கரும்பு வயல்வரைக்கும் நேராகத் தெரிந்தது.

"தலைதெறிக்க ஓடி வருவா உன் பொண்ணு," என்றார் மாசேர். "அந்த மதகைத் தாண்டுற வரைக்கும் கயித்தைப் புடிச்சிக்கிட்டே நிப்பேன்."